நண்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை

திருவிடந்தைப் பெருமாள் தினம் ஒரு கல்யாணம் செய்துகொண்டவர். காலவ ரிஷிக்கு முந்நூற்றறுபது பெண்கள். நாளுக்கு ஒருத்தியாக அத்தனை பேரையும் அவர் கைப்பிடித்தார் என்பது தலபுராணம். ரிஷி ஒருத்திக்காவது ஜாதகம் பார்த்ததாகவோ, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று விசாரித்ததாகவோ அதில் ஒரு வரி கிடையாது. அத்தனை பெண்களை வைத்திருந்தவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஒரே பெண்ணை வைத்திருந்த வேதாந்தத்துக்குத்தான் நேரம் நிறைய இருந்தது. அந்தப் பெண் ரங்கநாயகிக்கு இந்த ஆவணியோடு நாற்பத்துநான்கு முடிந்தது. கல்யாணம் ஆகவில்லை.

இந்த ஊர் வழக்கம் ஊரறிந்தது. கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணோ பிள்ளையோ மாலையோடு கோயிலுக்கு வருவார்கள். அர்ச்சகர் பெருமாளுக்குச் சாத்திவிட்டு ஒரு மாலையைத் திருப்பித் தருவார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது முறை சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து, காய்ந்துபோன அதைக் கோயிலில் சேர்க்க வேண்டும். வேதாந்தம் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். கொடிமரத்துப் பக்கம் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு வழி சொல்வது அவர் வேலையில் பாதி. “மாலையைக் கீழே வைக்கப்படாது. சுத்தறப்போ ஃபோன் பேசப்படாது. எண்ணிக்கை மறந்துட்டா இன்னொண்ணு சேர்த்துச் சுத்து, பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்.” பெற்றவர்கள் அவரிடம் மனத்தை இறக்கி வைப்பார்கள். அவரும் தன் வீட்டுக் கதையை நாலு வார்த்தை சொல்லி ஆறுதல் படுத்துவார். அதில் அவர் கெட்டிக்காரர்.

சொந்தப் பெண்ணை மட்டும் அவர் மாலை போட்டுச் சுற்றவிடவில்லை. “கோயில்காராத்துப் பொண்ணு மாலையும் கழுத்துமா சுத்தினா ஊர் சிரிக்கும். நாம பெருமாள் நிழல்லயே இருக்கோம். நாம கேட்டுத்தான் அவருக்குத் தெரியணுமா?” என்பார். கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது என்று சொல்வார்கள். அஞ்சாதது மட்டுமில்லை, அந்தப் பூனை தேவரிடம் எதையும் கேட்பதும் இல்லை. வெளியூர்க்காரர்களெல்லாம் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போன கோயிலின் மதில் ஓரத்தில் ரங்கநாயகி கேட்காமலேயே வளர்ந்தாள்.

அவள் கல்லூரி முடிக்கும் தறுவாயில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு வேதாந்தம் வரன் பார்க்கத் தொடங்கினார். பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார். ஒருவர் பேங்கில் அதிகாரி. “மேல ஒரு மேனேஜர் இருக்கான். இவன் அவனுக்குக் கை கட்டி நிக்கணும்” என்றார் வேதாந்தம். இன்னொருவர் கல்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளர். “அணு சமாச்சாரம். எப்போ என்ன ஆகும்னு யார் கண்டா?” அமெரிக்காவிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. கடல் தாண்டினால் ஆசாரம் போச்சு என்று அதுவும் திரும்பிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒன்றைச் சொல்வார்: “இதைவிடப் பெரிய இடமா வரும் ரங்கு. பொறு.” பெரிய இடம் வருவது நின்றபோது அவளுடைய ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். ஏழாம் இடத்தில் செவ்வாய் என்றார். அவளுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி கிடந்தாள்.

அவளாக ஆசைப்பட்டது ஒரே ஒருவனைத்தான். நரசிம்மன், கோயில் மடப்பள்ளியில் எடுபிடி வேலைக்கு இருந்தவன். மார்கழிக் காலையில் அவள் இலையில் விழுகிற பொங்கலில் மட்டும் முந்திரி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொண்டது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு குடித்தனமே நடத்திவிட்டாள் மனசுக்குள். அவன் வந்து அப்பாவிடம் கேட்பான் என்று காத்திருந்தாள். ஒரு பங்குனியில் அவன் வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்குத் தளிகை சமைக்கிற வேலைக்குப் போய்விட்டான் என்று ஊரில் சொன்னார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிற அன்று வாசல் வழியாகத்தான் போனான், தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்குத் தன்மேல் ஒன்றுமே இருந்ததில்லை, எல்லாம் தன் கற்பனை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். பெண்ணுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. அழுகையைக்கூட அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போதுதான் வைத்துக்கொண்டாள்.

பிறகு கோவளத்தில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் பஸ், சாயங்காலம் பஸ். அந்த முதல் வருஷத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளாகவே ஒரு கதை கட்டினாள். நண்டின் வாடையே படாத வீட்டில் பிறந்தவள் நண்டைப் பற்றிக் கதை கட்டினாள் என்றால், அது கடலோரத்துப் பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு ராஜா ராணியெல்லாம் எடுபடாது.

ஒரு நண்டு அப்பா. அவருக்கு ஒரே பெண். உலகத்திலேயே யார் பலசாலியோ அவருக்குத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று கிளம்பினார். நேரே கடலிடம் போனார். “நீதான் ஊரையே முழுங்கறவன். என் பொண்ணைக் கட்டிக்கோ” என்றார். கடல் சொன்னது, “நான் எங்கே பலசாலி? காத்து தள்ளற பக்கம் போய்ண்டிருக்கேன்.” காற்றிடம் போனார். காற்று சொன்னது, “நான் எத்தனை நாள் ஊதறேன், அந்தப் பாறை அசைஞ்சு கொடுக்கலையே.” பாறையிடம் போனார். பாறை முனகியது: “என் காலடியைப் பாருங்கோ. ஒரு நண்டுப் பையன் தினம் மண்ணைப் பறிச்சுப் பறிச்சு நான் சாஞ்சுண்டே வரேன்.” குனிந்து பார்த்தால், நண்டு அப்பாவின் பக்கத்து வளைப் பையன். ஊரெல்லாம் சுற்றிவிட்டு அடுத்த வீட்டுப் பையனுக்கே பெண்ணைக் கொடுத்தார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினார்கள், கதை மாறவில்லை. போன ஜூனில் வந்த வகுப்புதான் அதோடு விடவில்லை. ஒரு பெண் எழுந்து, “மிஸ், நண்ட வுட எங்கம்மாதான் பெரிய ஆளு. கொயம்பு வெச்சிடும்” என்றாள். இன்னொருத்தி, “எங்கம்மா எங்க நைனாவக் கண்டா பயப்படும்” என்றாள். மூன்றாவதாக ஒருத்தி, “எங்க நைனா எங்க வூட்டுப் பாப்பாக்குப் பயப்படும் மிஸ். அது அய்திச்சின்னா தூக்கிகினு தெருவெல்லாம் சுத்தும்” என்றாள். அழுகிற பாப்பாதான் எல்லாரையும்விடப் பலசாலி என்று எல்.கே.ஜி. வகுப்பு ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரங்கநாயகி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர்கள் அறையில் ரோகிணியிடம் சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

சிரிப்பதற்கு வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. வேதாந்தத்துக்கு மறதி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதலில் சாவி, கண்ணாடி என்று போனது, பிறகு ஊர் பேர், பிறகு மனுஷர்கள் என்று போயிற்று. பெற்ற பெண்ணை அடுத்தாத்து மாமி என்று நினைத்துக்கொண்டு பேசுவார். மறுத்துப் பேசாதீர்கள், போகிற போக்கில் விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் பார்த்துக்கொள்ள வேண்டா என்ற பெண்மணி வருவாள். பெருமாள் கோயில் மனுஷரை ஐயரு என்றுதான் அவள் சொல்வாள், எத்தனை தடவை திருத்தினாலும். “இன்னிக்கி ஐயரு நாஸ்தாவே வாணாம்னுட்டாரு டீச்சரம்மா. அவுரு வூட்டுக்குப் போவணுமாம். ‘இதான் சாமி உன் வூடு’ன்னா நம்ப மாட்டேன்றாரு. ஒரே பேஜாரு” என்பாள். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரங்கநாயகி பொழுது சாய்வதற்குள் வீட்டை எட்டப் பார்ப்பாள். இருட்டத் தொடங்கினால் வேதாந்தம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்.

இந்த நிலையில்தான் ரோகிணி ஒரு பேச்சை எடுத்தாள். அவளுடைய பெரியம்மா பிள்ளை பார்த்தசாரதி, கல்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலைய உத்தியோகம், மனைவி காலமாகி நாலைந்து வருஷம். ஒரே பெண் மதுவந்தி பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். “நான் படிப்பு முடிஞ்சு போயிட்டா நீ யாரோட சாப்பிடுவே?” என்று அப்பாவை அரிப்பதே அந்தப் பெண்தானாம். ரங்கநாயகி முதலில் கையை ஆட்டினாள். பிறகு பார்த்தசாரதியே ஃபோனில் பேசினார். அலட்டல் இல்லாத மனிதர்.

“உங்க அப்பா இருக்கார்னு ரோகிணி சொன்னா. அவரை விட்டுட்டு வாங்கோன்னு நான் கேக்கல. என் குவார்ட்டர்ஸ் கீழ்த்தளம்தான். அவர் நடமாட வாசல்ல இடமும் இருக்கு.”

ஃபோனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் அடுப்பை ஏற்றாமல் நின்றாள். அவளை யாரும் இப்படி, அப்பாவையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். வேண்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால் ரொம்பவே வேண்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஒரு காரியம் செய்தாள். கோயில் வாசலில் மாலை வாங்கப் போனாள். பூக்காரி, “பொண்ணுக்காம்மா?” என்று கேட்டாள். “எனக்குத்தான்” என்றாள் ரங்கநாயகி. பூக்காரி இருப்பதில் நல்லதாக எடுத்துக் கொடுத்தாள். இருபத்தைந்து வயதுப் பெண்களுக்கும் ஐ.டி. பையன்களுக்கும் நடுவில், நரைத்த தலையும் மாலையுமாக அவள் சுற்றினாள். தெரிந்தவர்கள் பார்த்தார்கள், ஊர் ஒன்றும் சிரிக்கவில்லை. பாதிச் சுற்றில் எண்ணிக்கை தவறிப்போய், இன்னொன்றைச் சேர்த்துச் சுற்றினாள்.

மாலையோடு வீட்டுக்குள் வந்தபோது வேண்டா வாயெல்லாம் பல்லாக, “மாலையும் கய்த்துமா சூப்பராக் கீற டீச்சரம்மா!” என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் பின்பக்கம் போனாள். நாற்காலியில் இருந்த வேதாந்தம் எழுந்து நின்றார். பல மாதங்களாகக் காணாத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

“ஒன்பது சுத்தும் ஆச்சாம்மா?”

“ஆச்சு.”

“மாலையைக் கீழே வெச்சுடாதே. பெருமாள் படத்துல மாட்டு. பொண்ணுக்கா, பிள்ளைக்கா?”

அவளுக்குப் புரிந்தது. வேண்டுதலுக்கு வந்த வெளியூர்க்காரி என்று நினைக்கிறார். டாக்டர் சொன்னபடி போகிற போக்கில் விட்டாள். “எனக்குத்தான் மாமா. கொஞ்சம் தள்ளிப் போயிடுத்து.”

வேதாந்தம் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். “மனசை விட்டுடாதே. என் பொண்ணுக்குக்கூட இன்னும் ஆகல.”

“ஜாதகத்துல ஏதாவது தோஷமா மாமா?”

“சுத்த ஜாதகம்மா. ஒரு குறை சொல்ல முடியாது.” அவர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “நான்தான் ஆக விடல.”

அவள் கழுத்து மாலையைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது. “ஏன்?”

“மடப்பள்ளியில நரசிம்மன்னு ஒரு பையன். நல்ல பையன். வந்து கேட்டான், கால்ல விழுந்து கேட்டான். அவளுக்கும் அவன்மேல ஒரு இதுதான், எனக்குத் தெரியாதா? பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவன் மறுபேச்சு பேசல. அழுதுண்டே போனான்.”

“எதுக்கு அப்படிச் சொன்னேள்?”

“அவளும் போயிட்டா ஆத்துல நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்? அவ அம்மா போனதுலேர்ந்து எனக்கு இருட்டுன்னா பயம். வெளில சொல்ல முடியுமா? கோயில்ல எல்லாருக்கும் தைரியம் சொல்றவன் நான்.” அவர் கண் கலங்கிவிட்டது. “பெருமாளுக்கு மட்டுந்தான் தெரியும். நீ வெளியூர், அதான் சொன்னேன். என் பொண்ணு காதுல போட்டுடாதே, பாவம்.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். வேதாந்தம் ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறார். அந்த நாற்காலியை அவரோடு சேர்த்துத் தெருவில் தள்ள வேண்டும் என்று ரங்கநாயகிக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் அவள் செவ்வாய்க்குப் பயந்திருந்தாள். செவ்வாய் அதன் பாட்டுக்கு எங்கோ சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பேங்கும் அமெரிக்காவும் அணுவும் கிரகமும் இல்லை, அவளைப் பிடித்து நிறுத்தியது விளக்கணைந்தால் நடுங்குகிற ஒரு மனுஷன். அழுத பிள்ளை பால் குடித்துவிட்டது. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குத் தெரிந்தது தனக்கு இத்தனை வயதாகித்தான் தெரிந்தது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. நரசிம்மன் அழுதுகொண்டே போனான் என்பது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அவனுக்கும் அதுதான் அவமானமாக இருந்திருக்கும், வாழ்நாளெல்லாம்.

மத்தியானம் வேதாந்தம் பசிக்கிறது என்றார். தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள். கோபத்தோடுதான் பிசைந்தாள், ஆனாலும் மாங்காய் ஊறுகாயின் காரத்தைக் கழுவிவிட்டுத்தான் வைத்தாள்.

ஞாயிறு காலையில் பார்த்தசாரதி தனியாக வந்தார், வேட்டியும் சட்டையும், கையில் ஒரு சீப்புப் பழமும். மதுவந்திக்குப் பரீட்சையாம். சுற்றி வளைக்காமல், கிழவருக்கு எதிரில் உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்டார். “மாமா, உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கேன்.”

உள்ளே ரங்கநாயகி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். வேதாந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெற்ற பெண்ணின் முகம் மறந்தவர், கட்டிய மனைவியின் பேர் மறந்தவர், ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

“பொண்ணுக்கு இஷ்டமில்லை.”

ரங்கநாயகி காபித் தம்ளரோடு கூடத்துக்கு வந்தாள். “இஷ்டம்தான்” என்றாள். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

வேதாந்தம் கோபமாகத் திரும்பினார். “எங்காத்துப் பொண்ணு விஷயத்துல பேச நீ யாரும்மா?”

“நான்தான் அப்பா. ரங்கு.”

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். நரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். “விளையாடாதே. ரங்கு சின்னப் பொண்ணு” என்றார். பிறகு என்ன தோன்றியதோ, தோள் தளர்ந்து குரல் இறங்கியது. “உள்ளேதான் இருக்கா. அவளை நான் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. நீ போய்க் கேட்டுண்டு வாயேன். அவ சரின்னா, நான் குறுக்கே நிக்கல.”

ரங்கநாயகி தம்ளரைப் பார்த்தசாரதியின் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். கட்டில் இருந்தது, துணி அலமாரி இருந்தது, வேறு யாரும் இல்லை. கேட்டு வரச் சொன்ன பெண் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

“கேட்டேன் மாமா. சரின்னுட்டா.”

வேதாந்தம் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “பெருமாளே, என் தலையிலேர்ந்து ஒரு பாரத்தை இறக்கினே. அப்போ உடனே அந்த நரசிம்மனுக்குச் சொல்லி அனுப்பும்மா. பாவம், மடப்பள்ளி வாசல்லயே நின்னுண்டிருப்பான்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். வேதாந்தம் பயந்துபோய், இந்த மாமி ஏன் அழறா என்று பார்த்தசாரதியைக் கேட்டார். பார்த்தசாரதி எழுந்து போகவில்லை. நரசிம்மன் யார் என்றும் கேட்கவில்லை. கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.